கொங்குச் செக்கு எண்ணெயில் தாடிப் பராமரிப்பு: முழுமையான வழிகாட்டி

தாடி எண்ணெய் என்று சின்னக் குப்பிகளில் விற்பவற்றின் பின்பக்க அட்டையைப் படித்துப் பாருங்கள். ஆர்கன், ஜோஜோபா, பாதாம் என்ற பெயர்கள்தான் பெரும்பாலும் முதலில் வரும். ஆர்கன் மொராக்கோ நாட்டு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. அதில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஒலியிக் அமிலம் சுமார் 45 சதவீதம், லினோலியிக் அமிலம் சுமார் 35 சதவீதம். சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் எள்ளை ஆட்டினால் வரும் நல்லெண்ணெயிலும் இதே இரண்டு அமிலங்கள்தான் ஏறக்குறைய 40, 40 சதவீதம் இருக்கின்றன. தோலுக்கும் முடிக்கும் செய்கிற வேலையில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெயும் வெள்ளக்கோவிலில் சூரியகாந்தியும் சேலம், நாமக்கல் பக்கம் ஆமணக்கும் இருக்கும்போது, தாடிக்கென்று கடல் கடந்து வந்த எண்ணெயைத் தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர் எண்ணெயை எப்படித் தேர்ந்து, எப்படிக் கலந்து, எவ்வளவு தடவுவது என்று தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எந்த எண்ணெயும் தாடியை முளைக்க வைக்காது. தாடி வளர்வது ஆண்மைச் சுரப்புகளாலும் பரம்பரையாலும். இருபது வயதில் கன்னத்தில் இடைவெளி உள்ள பலருக்கு இருபதுகளின் கடைசியில் தானாக நிரம்பிவிடுகிறது. விளக்கெண்ணெய் தடவினால் அடர்ந்து வளரும் என்ற பேச்சுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. எண்ணெய் செய்வது வேறு வேலை: முடிக்கு அடியில் இருக்கும் தோலை வறண்டுபோகாமல் வைக்கிறது, முரட்டு முடியை வளைந்துகொடுக்க வைக்கிறது, அரிப்பைக் குறைக்கிறது. முடி ஒரு திசையில் படிந்து நிற்பதால் தாடி அடர்த்தியாகத் தெரிவதும் உண்டு.

முதல் படி: உங்கள் தோலைப் பாருங்கள்

முகத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் தடவாமல் இருங்கள். பிறகு தாடிக்குள் விரலை விட்டுத் தாடைத் தோலைத் தொட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடித்தது போல இருந்தால் வறண்ட தோல். விரல் நுனியில் பளபளப்பு ஒட்டினால் எண்ணெய் வடியும் தோல். பரு வரும் வழக்கம் உண்டா, தாடிக்குள் வெள்ளைச் செதில் உதிர்கிறதா என்பதையும் கவனியுங்கள். எந்த எண்ணெய் என்பதை முடிவு செய்வது தாடியின் நீளம் அல்ல, இந்தத் தோல்தான்.

இரண்டாம் படி: எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

நல்லெண்ணெயைத்தான் நான் அடிப்படையாக வைப்பேன். அதிகக் கனமும் இல்லை, அதிக லேசும் இல்லை. எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடுவதால், வெயில் ஊரில் குப்பியில் வைத்திருக்க ஏற்றது. வாசனைதான் சிலருக்குத் தடையாக இருக்கும். தடவிய சிறிது நேரத்தில் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். மூலக்கூறு சிறியதாக இருப்பதால் முடித்தண்டின் உள்ளே போகக்கூடிய எண்ணெய் இது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆனால் முடிக்கு நல்லது எல்லாம் முகத்துக்கு நல்லது ஆகாது. தேங்காய் எண்ணெய் தோல் துளைகளை அடைத்துப் பருவைக் கிளப்பக்கூடியது. பரு வரும் முகமாக இருந்தால் தாடியின் நுனிப் பகுதியில் மட்டும் தடவுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

விளக்கெண்ணெய் தனியாகத் தடவ ஏற்றதல்ல. அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலியிக் அமிலம் இருப்பதால் பாகு போல் கனக்கிறது. வேறு எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சிலும்பி நிற்கும் முடியையும் மீசையையும் படிய வைக்கும். ஆமணக்கு முத்தை வீட்டில் இடித்து எண்ணெய் எடுக்கும் முயற்சி வேண்டாம். விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது எண்ணெயில் வராமல் புண்ணாக்கில் தங்கிவிடும் என்றாலும், இடிப்பதும் சக்கையைக் கையாள்வதும் பழகியவர்களின் வேலை. இன்னொரு எச்சரிக்கை: பூஜைப் பொருள் கடைகளில் தீபம் ஏற்ற என்று விற்கும் கலப்பு எண்ணெய்கள் உடம்பில் தடவுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் தூய விளக்கெண்ணெயை வாங்குங்கள்.

எண்ணெய் வடியும் முகத்துக்கும் பரு முகத்துக்கும் சூரியகாந்தி எண்ணெய் நல்லது. லேசானது, லினோலியிக் அமிலம் கூடியது. செக்கில் ஆட்டியது சீக்கிரம் காறிப்போகும் என்பதால் கொஞ்சமாக எடுத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். வெளிநாட்டுச் சரக்கில் எனக்கு மதிப்பு உள்ள ஒன்று ஜோஜோபா. அமெரிக்க, மெக்சிகோ பாலைவனச் செடியான அதன் விதையிலிருந்து வருவது உண்மையில் எண்ணெயல்ல, திரவ மெழுகு. நம் தோல் தானே சுரக்கும் நெய்ப்பிலும் ஏறக்குறைய கால்பங்கு இவ்வகை மெழுகுதான். எதைத் தடவினாலும் பரு வருகிறது என்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

முருங்கை விதை எண்ணெய் கிடைத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒலியிக் அமிலம் மிகுந்தது, எளிதில் காறாது. மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரம் முழுக்க முருங்கைத் தோட்டங்கள் இருந்தும் இந்த எண்ணெய் சாதாரணக் கடைகளில் அரிதாகவே கண்ணில் படுகிறது என்பது எனக்கு வருத்தம். கடலை எண்ணெய் ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பரவாயில்லை. வேப்பெண்ணெயும் புங்கன் எண்ணெயும் தாடிக்கு வேண்டாம். வாய்க்கு அருகில் இருக்கும் முடி அது, உதட்டில் படும், சாப்பாட்டில் சேரும். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போவது, அதுவும் குழந்தைகளுக்கு, ஆபத்து. மஞ்சளையும் எண்ணெயில் கலக்க வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல சரக்குதான், ஆனால் தாடிக்குள் போனால் தோலும் சட்டைக் காலரும் மஞ்சளாகி நிற்கும்.

மூன்றாம் படி: செக்கில் வாங்குதல்

தாடிக்கென்று தனியாக எண்ணெய் ஆட்ட வேண்டாம். சமையலுக்கு ஆட்டும்போது அதிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்துவைத்தால் மாதக்கணக்கில் வரும். பத்துக் கிலோ தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய ஆறு லிட்டர் எண்ணெய் கிடைக்கும்; அதில் தாடிக்கு வேண்டியது கரண்டிக் கணக்குதான்.

பருப்பு வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது சட்டென்று ஒடியும், உட்புறம் பழுப்பில்லாமல் இருக்கும். வளைந்துகொடுத்தால் ஈரம் இருக்கிறது, அந்த எண்ணெய் சீக்கிரம் கெடும். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை காட்டிய பருப்பும் சந்தையில் உண்டு. பளீரென்ற வெள்ளை நிறமும் மூக்கைச் சுருக்க வைக்கும் நெடியும் அதன் அடையாளம். வெயிலில் மட்டும் காயவைத்த பருப்பு வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள். எள்ளை ஆட்டும்போது செக்கில் கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். சமையலுக்கு அது ருசி. தாடிக்கு எடுப்பது நன்றாகத் தெளிந்த மேல் எண்ணெயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுக்கும்.

செக்கிலிருந்து வந்த எண்ணெயை உடனே குப்பியில் அடைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மூன்று நான்கு நாள் வெயிலில் வையுங்கள். கசடு அடியில் தங்கும், மிச்ச ஈரம் போகும். பாத்திரத்தை அசைக்காமல் மேலாக வடித்துக்கொள்ளுங்கள். அடியில் விரற்கடை அளவு கலங்கலாக நிற்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தக் கலங்கல் உள்ளே போனால்தான் குப்பி ஒரே மாதத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்.

நான்காம் படி: கலத்தல்

அடர்நிறக் கண்ணாடிக் குப்பி, சொட்டு மூடியோடு, 30 மில்லி. வெந்நீரில் கழுவி முழுவதும் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீரும் இருக்கக் கூடாது. சாதாரணத் தோலுக்கு என் அளவு இது: நல்லெண்ணெய் 18 மில்லி, தேங்காய் எண்ணெய் 9 மில்லி, விளக்கெண்ணெய் 3 மில்லி. பரு முகத்துக்குத் தேங்காய் எண்ணெயை நீக்கிவிட்டு அந்த 9 மில்லியையும் சூரியகாந்தியில் ஈடுகட்டுங்கள். முடி கம்பி போல நிற்பவர்கள் விளக்கெண்ணெயை 6 மில்லியாக ஏற்றி நல்லெண்ணெயை 15 ஆகக் குறைக்கலாம். மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து குப்பி வாயை அடைக்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும் இயல்புடையது. அந்த மாதங்களில் அதை 9 மில்லியிலிருந்து 3 மில்லியாகக் குறைத்துவிட்டு நல்லெண்ணெயைக் கூட்டுங்கள்.

வாசனை வேண்டுமென்றால் 30 மில்லிக்கு 6 சொட்டு நறுமண எண்ணெய், அதாவது ஒரு சதவீதம். அதற்கு மேல் முகத்துக்குத் தேவையில்லை. எலுமிச்சைத் தோலை அழுத்தி எடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்புளிக்கலாம், அதைத் தவிருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நீலகிரித் தைலம், கற்பூரம் இரண்டும் கூடவே கூடாது. தாடியில் முகம் புதைத்து விளையாடும் பிள்ளைக்கு அவை கேடு செய்யும்.

கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துச் செங்காம்பு இலையின் மணமே தனி. முடிந்தால் மருந்து தெளிக்காத வீட்டுச் செடி இலையை எடுங்கள். ஒரு கைப்பிடி இலையைக் கழுவி நிழலில் ஒரு நாள் உலர்த்தி, 100 மில்லி நல்லெண்ணெயில் இரும்புச் சட்டியில், மிகச் சிறு தீயில் வையுங்கள். முதலில் இலையைச் சுற்றி நுரை பொங்கிச் சலசலக்கும். அந்தச் சத்தம் இலையில் உள்ள ஈரம். மெல்ல மெல்ல நுரை அடங்கி, இலை கருகாமல் கரும்பச்சையாகி, கரண்டியால் தொட்டால் மொறுமொறுவென்று நொறுங்கும். அப்போது பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் பாக்கி. சத்தமில்லாமல் எரிந்தால் பதம் வந்துவிட்டது. இறக்கி ஆறவைத்து வடிகட்டுங்கள். இந்த எண்ணெயைக் கலவையில் நல்லெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கலாம். மணமும் மனநிறைவும் தருவது. முடி வளர்க்கும் என்று நம்பிக் காய்ச்ச வேண்டாம்.

கலவை எதுவானாலும் முதல் முறை முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஐந்தாம் படி: கழுவுதல்

தாடி எண்ணெய் பலன் தரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் அழுக்கின் மேல் எண்ணெய் தடவுகிறார்கள். அதிலும் நம் பகுதிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, உப்புத் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் சோப்பு நுரைப்பதையும், பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் அதே சோப்பு திரிந்துபோவதையும் பார்த்தவர்களுக்குப் புரியும். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி முடியில் ஒட்டிக்கொள்கிறது. தாடி முறுக்கேறி, வெளிறி, சொரசொரப்பாக நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உப்புத் தண்ணீர் வீட்டில் தாடிக்குச் சோப்பு வேண்டாம். மென்மையான ஷாம்பு இந்தப் படிவை உண்டாக்காது. கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரிலோ மழைத்தண்ணீரிலோ அலசிவிடுங்கள்.

அதைவிட நல்லது நம் அரப்பு இலைத்தூள். எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத்தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது கொங்கு வீடுகளின் பழைய வழக்கம். தாடிக்கு அப்படியே தேய்த்தால் இலைத்தூள் முடிக்குள் சிக்கிக்கொண்டு நாள் முழுக்க உதிரும். ஒரு தேக்கரண்டித் தூளை அரைத் தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், தோலை வறள விடாது. கண்ணில் பட்டால் நன்றாக எரியும், ஆகையால் குனிந்து கழுவுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, தூசியில் வேலை செய்பவர்களுக்கு மூன்று முறை. மற்ற நாளில் வெறும் தண்ணீர் போதும்.

ஆறாம் படி: தடவுதல்

குளித்து முடித்து, துண்டால் ஒற்றி, தாடி ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தை ஓடிவிடாமல் பிடித்துவைக்கிறது. முழுக்கக் காய்ந்த தாடியில் தடவினால் பளபளப்பு வரும், பயன் குறைவு.

முள்முள்ளாக இருக்கும் தாடிக்கு 2 அல்லது 3 சொட்டு. விரற்கடை நீளத்துக்கு 4, 5. கைப்பிடி அளவு வளர்ந்தால் 8 முதல் 10. உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் தேய்த்து, விரல் நுனிகளைக் கழுத்திலிருந்து மேல்நோக்கித் தாடிக்குள் செலுத்தித் தோலைத் தொடுங்கள். தாடை எலும்பின் அடிப்பக்கமும் உதட்டுக்குக் கீழே உள்ள குழியும் பலர் விட்டுவிடும் இடங்கள், அரிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். தோலுக்குப் போன பிறகே உள்ளங்கையால் வெளிமுடியைக் கீழ்நோக்கி வழித்துவிட வேண்டும். மீசைக்குக் கையில் மிஞ்சியது போதும். நெற்றியிலும் மூக்கிலும் துடைக்காதீர்கள், அங்கே பரு வரும். பிறகு அகலப் பல் மரச்சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேர் என்று சிக்கெடுங்கள். கால் மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்தால் அடுத்த நாள் ஒரு சொட்டுக் குறையுங்கள்.

எப்போது தடவுவது என்பது வேலையைப் பொறுத்தது. நூற்பாலையிலும் விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் பஞ்சு முழுக்கத் தாடியில் வந்து உட்காரும். வேலை முடிந்து வந்து கழுவிவிட்டு இரவில் தடவுங்கள், தலையணைக்கு ஒரு பழைய துண்டு விரியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு நேர்மாறு: கிளம்பும் முன் தடவிக்கொண்டால் முடி முறியாது, தாடை உலராது.

புதனோ சனியோ எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் தாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் விட்டு, அரப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பரு முகத்துக்கு மட்டும் இது வேண்டாம்.

சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்டு முதல் முறையாகத் தாடி விடுபவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் வாரம்தான் கடினம். மழித்த முடியின் முனை கூராக இருப்பதும் தோல் வறள்வதும் சேர்ந்து அரிக்கும். எண்ணெய் தவிர்க்கும் விரதம் இல்லையென்றால் குளித்ததும் இரண்டே சொட்டு நல்லெண்ணெய் போதும், சொறிவது நிற்கும்.

ஏழாம் படி: கத்தரித்தல்

கத்தரிப்பதைக் காய்ந்த தாடியில், எண்ணெய் தடவும் முன் செய்யுங்கள். ஈர முடி நீளமாகத் தெரிந்து அதிகம் வெட்ட வைத்துவிடும். கழுத்தையும் கன்னத்தையும் மழிக்கும்போது நுரைக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் கத்தி இழுக்காது. ட்ரிம்மர் பல்லுக்குத் தாவர எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய்தான் அதற்குச் சரி.

எண்ணெயை நிறுத்த வேண்டிய நேரங்கள்

தாடிக்குள் மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான செதில் உதிர்ந்து, அடித்தோல் சிவந்திருந்தால் அது வறட்சி அல்ல, பொடுகு. அதற்குக் காரணமான பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. எண்ணெய் தடவத் தடவப் பெருகும். எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். கீட்டோகோனசோல் ஷாம்பு பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடும்.

வட்டமாகக் காசு அளவில் முடி உதிர்ந்து வழுவழுப்பான தோல் தெரிந்தால் புழுவெட்டு. சின்ன வெங்காயத்தை அரக்கித் தேய்க்கச் சொல்வார்கள், அது தோலைப் புண்ணாக்கவும் கூடும். உடம்பின் எதிர்ப்பாற்றலே வேரைத் தாக்குவதால் வருவது இது, மருத்துவர் பார்க்க வேண்டியது. மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மாட்டின் தோலில் வட்ட வட்டமாகச் செதில் படர்த்தும் படர்தாமரை மனிதரின் தாடிக்கும் தொற்றும். வீங்கி, சீழ் வைத்து, முடி தொட்டவுடன் கழன்று வரும். இதற்கு எண்ணெயும் ஆகாது, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் ஆகாது. களிம்பு நோயை மறைத்துப் பரப்பும். மாட்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். குணமாகித் தோல் ஆறிய பிறகு எண்ணெயைத் தொடங்கும்போது பழைய குப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். பழைய சீப்பையும் துண்டையும் மாற்றிவிடுங்கள்.